முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டிய சொல்



மொழியியல் பயின்ற நாம் பச்சிளங்குழந்தைகளின் கண்ணோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என நீங்கள் வினவலாம். 1996-இல் சென்னையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் கண்களைச் சோதிக்க வேண்டும் என்பது பெற்றோருக்கு உரிய காலத்தில் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதனைக் கவனக்குறைவு எனக் கண்டு, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. சொல்லாமல் விட்ட ஒரு சொல்லின் விலை அது.

விழித்திரையின் குருதிக்குழாய்கள் கருவறையிலேயே நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வளர்ந்து, பத்தாம் மாதத்தை ஒட்டியே நிறைவு பெறுகின்றன. முன்னரே பிறந்த குழந்தைக்கு அவ்வளர்ச்சி முடிந்திராது. சிலருக்கு அக்குழாய்கள் பின்னர் நெறி தவறி வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். உரிய வேளையில் லேசர் சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். ஆனால் இதனைக் கண்டறியத் தேர்ந்த மருத்துவர்கள் சிலரே. அவர்களும் பெருநகரங்களிலேயே உள்ளனர்.

இவ்விடைவெளியைத் தொலைமருத்துவம் நிரப்பியது. 2008-இல் பெங்களூரின் நாராயண நேத்ராலயா 'கிட்ராப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கர்நாடகத்தின் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு ஒளிப்படக் கருவியைக் கொண்டு சென்று, குழந்தையின் விழித்திரையைப் படமெடுக்கின்றனர். நெடுந்தொலைவில் உள்ள மருத்துவர் அப்படத்தைக் கைப்பேசியிலேயே கண்டு முடிவு கூறுகிறார். தொழில்நுட்பர்களும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்னும் மூன்று நிறங்களால் குழந்தைகளை வகைப்படுத்துகின்றனர். சிவப்பு உடனடிச் சிகிச்சையையும், ஆரஞ்சு மறுசோதனையையும், பச்சை இனி வரத் தேவையின்மையையும் குறிக்கும். மயக்கமற்ற குறியீடு இது.

மருத்துவர்க்கிடையே மயக்கம் நீங்கியது. தாயிடமோ அது நீடிக்கிறது. 'குழந்தையின் கண்ணைப் பார்க்க வேண்டும்' என்று செவிலியர் சொல்கிறார். தாயும் பார்க்கிறாள், கண் தெளிவாக இருக்கிறது, விளக்கொளிக்குச் சிமிட்டுகிறது. 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று வீடு திரும்புகிறாள். அவள் பிழை செய்யவில்லை. 'பார்' என்னும் நம் வினை, காண்பதற்கும் சோதிப்பதற்கும் ஒன்றாகவே வழங்குகிறது. 'கண்ணின் உட்புறத்தைக் கருவியால் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது' என்று சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள்.

காலக் கணக்கும் அவ்வாறே. மருத்துவம் வாரங்களால் எண்ணுகிறது. நம் வீடுகள் மாதங்களால் எண்ணுகின்றன. இந்திய வழிகாட்டுதலில் 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தையும், 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையும் சோதிக்கப்பட வேண்டியவர்கள். 'எட்டு மாதக் குழந்தை' என்னும் வழக்கு அவ்வெல்லையின் இரு பக்கத்தையும் குறிக்கலாம். ஆதலின் வாரத்தையும் எடையையும் கேட்டறிதல் வேண்டும். முதற்சோதனை, பிறந்த 30 நாளுக்குள்; மிகச் சிறிய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே.

நாட்டுக்கு நாடு இவ்வளவைகள் சற்று வேறுபடும். எனினும் பினாங்கில் வாழும் நம் உறவில் ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தால் கேட்க வேண்டிய வினா ஒன்றே: 'விழித்திரைச் சோதனை எந்த நாளில்?' மாணவர்களே, இவ்வொரு வரியை இன்றிரவே உங்கள் வீட்டில் சொல்லுங்கள். கலைச்சொல் அகராதியில் இருப்பதைவிடத் தாயின் வாயில் இருப்பதே தமிழுக்கும் பயன், குழந்தைக்கும் பயன்.