முன்பக்க ஃபோர்க்குக்கு ஓடிஏ அப்டேட் கிடையாது



எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போறவங்க வழக்கமா ரெண்டு கேள்வி கேப்பாங்க. ரேஞ்ச் எவ்வளவு, ஆன்ரோடு விலை எவ்வளவு. வாங்கி ஆறு மாசம் ஆனவங்க கேக்குற கேள்வி வேற. "பேனல் ஏன் கடகடங்குது?" "சர்வீஸ்ல விட்டு மூணு வாரம் ஆச்சு, பார்ட் எப்ப வரும்?" இந்த ரெண்டாவது வகைக் கேள்விதான் இன்னிக்கு எபிசோட். காசு கொடுத்து வாங்கின நாம எதைப் பொறுத்துக்கலாம், எதைப் பொறுத்துக்கவே கூடாது?

முதல்ல சத்தத்தைப் பேசிடலாம். பெட்ரோல் வண்டியில எஞ்சின் போடுற சத்தம், மத்த சின்னச் சின்ன சத்தங்களை எல்லாம் முழுங்கிடும். எலக்ட்ரிக்ல அந்தப் போர்வை இல்ல. ஒரு கிளிப் லூஸா இருந்தாக்கூட ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது காதுல விழும். அதனால சத்தம் கேக்குற எல்லா வண்டியும் மோசமான வண்டி கிடையாது. ஆனா அந்தச் சத்தம் பிளாஸ்டிக்ல இருந்து வருதா, சஸ்பென்ஷன்ல இருந்து வருதான்னு கண்டுபிடிச்சே ஆகணும். பிளாஸ்டிக்னா வெறும் எரிச்சல். சஸ்பென்ஷன்னா அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 2021 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஓலா எஸ்1 அறிமுகமாச்சு. ஃபேக்டரி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம். டிசம்பர்ல டெலிவரி ஆரம்பிச்சது. அறிமுகத்துல காட்டின க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன் எல்லாம் அப்போ வண்டியில இல்ல. 2022 நடுவுல மூவ்ஓஎஸ் 2 அப்டேட்லதான் வந்துச்சு. எஸ்1 ப்ரோவோட ஏஆர்ஏஐ ரேஞ்ச் 181 கிலோமீட்டர். ரோட்ல உண்மையா கிடைக்கிறது 135-னு கம்பெனியே அப்புறம் சொன்னாங்க.

சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவங்களுக்கு இந்தப் பழக்கம் நல்லாத் தெரியும். இருக்கிறதை ரிலீஸ் பண்ணு, மீதியை அடுத்த ஸ்ப்ரின்ட்ல பாத்துக்கலாம். ஆப்ல இது ஓடும். பக் வந்தா ரோல்பேக் பண்ணிடலாம். அதிகபட்சம் ஒரு மணி நேரம் ஆர்டர் போகாது, அவ்வளவுதான். நேவிகேஷன் ஆறு மாசம் லேட்டா வந்தாலும் யாரும் கீழ விழப் போறதில்ல.

ஆனா வண்டிங்கிறது வெறும் கோடு இல்ல. வெல்டிங், பேட்டரி பேக்கோட சீல், வயரிங், ஃபோர்க் இதெல்லாம் ஃபேக்டரியை விட்டு வெளிய வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும். ராத்திரி வைஃபைல இறங்குற அப்டேட் எதுவும் அதைத் தொடாது.

2022-ல இதுக்கு நாடே விலை கொடுத்துச்சு. மார்ச் மாசம் வேலூர்ல சார்ஜ் போட்டிருந்த ஒரு ஸ்கூட்டர் எரிஞ்சு, அந்தப் புகையில ஒரு அப்பாவும் பொண்ணும் இறந்துட்டாங்க. அதே மாசம் புனேயில ஒரு ஓலா ரோட்டோரத்துல எரிஞ்ச வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. ஏப்ரல்ல வரிசையா ரீகால் அறிவிப்பு. ஒகினாவா 3,215 வண்டி, ப்யூர் ஈவி 2,000, ஓலா 1,441. அதுக்கு அப்புறம்தான் மத்திய அரசு ஏஐஎஸ்-156 பேட்டரி விதியை இறுக்கினாங்க. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, ரெண்டாவது கட்டம் 2023 மார்ச் 31. பேக்குக்குள்ள ஒரு செல் ஷார்ட் ஆகி சூடானா அது எப்படிப் பரவுதுன்னு சோதிக்கிறது வரைக்கும் உள்ள வந்துச்சு.

அந்த 2023 மார்ச்லேயே ஃபோர்க் கதையும் வந்துச்சு. ஓலாவோட முன்பக்க ஃபோர்க் உடைஞ்சதா சோஷியல் மீடியால போட்டோ சுத்துச்சு. கம்பெனி, டிசைன் பாதுகாப்பானதுதான்னு சொல்லிட்டே, ஃபோர்க்கை இலவசமா மாத்தித் தர்றோம்னு அறிவிச்சாங்க. மாத்தணும்னா ஓனர் வண்டியை எடுத்துக்கிட்டு சென்டருக்குப் போகணும். வேற வழியே இல்ல.

இது ஸ்டார்ட்அப் பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. 2025 மார்ச்ல டெஸ்லா 46,096 சைபர்ட்ரக்கை ரீகால் பண்ணாங்க. வெளிப்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டீல் பேனல் ஓடும்போது கழண்டு விழலாம்னு. விலை கூடினா பில்ட் குவாலிட்டியும் தானா கூடும்னு யாரும் எழுதித் தரல.

இன்னொரு வழியும் இருக்கு. சாஃப்ட்வேர்ல கேனரி ரிலீஸ்னு சொல்வோம். முதல்ல கொஞ்ச பேருக்குக் கொடுத்து, என்ன உடையுதுன்னு பாத்துட்டு, அப்புறம் எல்லாருக்கும் திறந்து விடுறது. ஏத்தர் 2018-ல பெங்களூருல ஆரம்பிச்சு, 2019-லதான் சென்னைக்கு வந்தாங்க. அவங்க வண்டியில குறையே இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா எத்தனை வண்டி விக்கிறோமோ அத்தனை வண்டியைச் சர்வீஸ் பண்ண ஆளும் பார்ட்டும் இருக்கணும். அந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும்னு 2024-ல பாத்தோம். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு ஒரு வருஷத்துல ஓலாவைப் பத்தி 10,644 புகார் வந்ததா சொல்லி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அக்டோபர்ல நோட்டீஸ் அனுப்புச்சு. 99.1 சதவீதம் தீர்த்துட்டோம்னு கம்பெனி பதில் சொன்னாங்க.

வீட்ல இன்னொரு வண்டி இருக்கிறவங்களுக்கு மூணு வாரம் சர்வீஸ் வெறும் தலைவலி. அதே வண்டியில ஃபுட் டெலிவரி பண்றவருக்கு அது மூணு வார வருமானம். வண்டி நின்னாலும் இஎம்ஐ நிக்காது. அதனால என்னைப் பொறுத்தவரை சர்வீஸும் பில்ட் குவாலிட்டியோட ஒரு பகுதிதான்.

சரி, ஓனரா நம்ம எதிர்பார்ப்பு எப்படி இருக்கணும்? நான் மூணு டப்பாவாப் பிரிக்கிறேன்.

ஒண்ணு, காத்திருக்கலாம். ஆப் ஸ்லோ, ப்ளூடூத் கட் ஆகுது, மேப் சரியில்ல. ஆனா "சீக்கிரம் வரும்"னு சொன்ன ஃபீச்சருக்குச் சேர்த்து இன்னிக்கே காசு கொடுக்காதீங்க. இன்னிக்கு வண்டியில என்ன இருக்கோ அதுக்குத்தான் அந்த விலை தகுமான்னு பாருங்க.

ரெண்டு, சரி பண்ணிக் கொடுக்கணும். பேனல் இடைவெளி, பெயின்ட், கடகட சத்தம். இதை டெலிவரி எடுக்குறதுக்கு முன்னாடியே பிடிச்சுடுங்க. பகல் வெளிச்சத்துல போங்க. ரெண்டு பக்கப் பேனலையும் ஒப்பிட்டுப் பாருங்க, சீட்டைத் திறந்து மூடுங்க, சார்ஜ் போட்டுப் பாருங்க, மேடு பள்ளம் இருக்கிற தெருவுல ஒரு ரவுண்டு போங்க. குறை இருந்தா எழுதி வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

மூணு, சமரசமே கிடையாது. பிரேக், ஃபோர்க், பேட்டரி, ஓடும்போது திடீர்னு பவர் போறது. இதுல "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. அந்த வண்டியை ஓட்டாதீங்க, ஜாப் கார்டு போட்டு வண்டியை அங்கேயே விடுங்க.

மழைக்காலம் வேற வருது, ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. பேட்டரி ஐபி67-னா, அந்தப் பேக் ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். முழு வண்டியும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. வேளச்சேரி தண்ணியில இறக்கி டெஸ்ட் பண்ணாதீங்க.

சர்வீஸ்ல பேசுறதை எல்லாம் மெயில்லயும் ஒரு தடவை அனுப்புங்க. போன்ல பேசினதுக்கு ஆதாரம் இருக்காது. பதில் வரலன்னா 1915, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள்ள வாங்கின பொருள்னா புகாருக்குக் கட்டணம் கிடையாது. நம்ம ஸ்கூட்டர் எல்லாம் அதுக்குள்ளதான் வரும்.

இதைக் கேட்டுட்டு பெட்ரோலுக்கே திரும்பிப் போங்கன்னு நான் சொல்லல. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் ராணிப்பேட்டையிலயும் நம்ம ஆளுங்கதான் இந்த வண்டிகளைச் செய்றாங்க. அது நல்லா வரணும்னு எனக்கும் ஆசை. ஆனா "புது டெக்னாலஜி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ங்கிற பேச்சு மட்டும் இனி வேண்டாம். ஆபீஸ்ல டெஸ்ட்டருக்குச் சம்பளம் கொடுக்குறாங்க. இங்க நாமதான் லட்ச ரூபாய் கொடுத்துட்டு டெஸ்ட் பண்ணிட்டு இருக்கோம்.

உங்க வண்டி எந்த டப்பாவுல இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஓடோமீட்டர்ல எத்தனை கிலோமீட்டர்னும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல வாரன்ட்டி கார்டை வரி வரியாப் படிக்கலாம். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க மக்களே.