முந்தியைத் திருப்பிப் பார்க்கிற கை



காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க வரும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் முந்தியை விரித்து விளக்கொளியில் தகதகவென்று காட்டுவார். அம்மா அதற்கு மயங்க மாட்டார். சேலையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியுமா என்று கேட்பார். ஒரு சேலைக்கு அரை நாள் ஆகும்.

அதே வீட்டார் பழைய கார் வாங்கப் போகிறார்கள். பெயிண்ட் பளபளக்கிறது, ஏ.சி. ஜில்லென்று வருகிறது. அரை மணி நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்!

என் மைத்துனரும் அப்படித்தான் கிளம்பினார். டி.என். 21, நம்ம ஊர் ரிஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர். விலையும் கொஞ்சம் குறைவு. ஏன் குறைவு என்பதை விற்பவர் ஒளிக்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி வண்டி சூடாகி ஹெட் கேஸ்கெட் போச்சு சார். மாத்தியாச்சு, பில் இருக்கு" என்றார்.

மைத்துனருக்குக் குழப்பம். "என்ஜினைப் பிரிச்ச வண்டி வேணவே வேணாம்னு ஒருத்தர் சொல்றார். பிரிச்சுப் புதுசா போட்டிருந்தா நல்லதுதானேன்னு இன்னொருத்தர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

நான் என்ன சொல்ல? தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கூட்டிப்போனேன். பில்லை வாங்கிப் படித்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எதை மாத்தினாங்கன்னு இதுல இருக்கு. ஏன் போச்சுன்னு எங்க இருக்கு?"

என்ஜினின் அடிப்பகுதி பிளாக். அதற்கு மூடி போல மேலே உட்கார்ந்திருப்பது ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடுதான் கேஸ்கெட். எரியும் வாயு, ஆயில், கூலண்ட் தண்ணீர் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. வண்டி கொதித்தால் அலுமினிய ஹெட் லேசாக வளையும், கேஸ்கெட் பிடிமானத்தை இழக்கும். ஆக, கேஸ்கெட் போனது விளைவு. ரேடியேட்டர் அடைப்பா, தண்ணீர் பம்பா, தெர்மோஸ்டாட்டா, ஃபேனா என்பதுதான் காரணம். வளைந்த ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்தார்களா என்பது அடுத்த கேள்வி.

தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் பிணைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அதே இடத்தில் மறுபடி மறுபடி அறுந்தால் பிணைத்துக்கொண்டே இருக்க மாட்டார். இழை நுழையும் அச்சில் எங்கே சொரசொரப்பு என்று தேடுவார். நம் மெக்கானிக் கேட்டதும் அதைத்தான்.

மறுநாள் காலை வண்டியைப் பார்க்கப் போனோம். "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லியிருந்தோம். மெக்கானிக் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்; குளிர்ந்த என்ஜின் காட்டிக் கொடுத்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தார். பால் விட்ட காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்தபின் அதே வாயில் புகை குபுகுபுவென்று வந்தால் அதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள்; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் எரியலாம். இந்த வண்டியில் இது எதுவும் இல்லை. மைத்துனர் முகத்தில் சிரிப்பு.

பிறகு வெள்ளைகேட் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓட்டினோம். பட்டுப் போல ஓடியது. நான்கூட, முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மெக்கானிக் மட்டும், "இப்ப காந்தி ரோட்டுக்கு விடுங்க, ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு" என்றார். முகூர்த்த நாள். வெளியூர் வேன்கள், ஆட்டோக்கள், நடுவில் ஒரு மாடு. வண்டி ஊர்ந்தது. பத்து நிமிஷத்தில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறியது.

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நெரிசலில் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். இறங்கிப் பார்த்தால் ஃபேன் சுற்றவே இல்லை. "மோட்டார் மாத்துறது சின்ன செலவுதான். ஆனா ரெண்டு வருஷத்துல இது எத்தனை தடவை கொதிச்சிருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மெக்கானிக். அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

மழைத்தண்ணீரில் நின்ற வண்டி இன்னொரு ரகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முடிச்சூர் பக்கத்திலும் கார்கள் மூழ்கிக் கிடந்தது நினைவிருக்கும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படிப்பட்ட வண்டி கழுவித் துடைத்து விலைக்கு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை தெரியலாம். கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தடத்தில் துரு இருக்கிறதா பாருங்கள்.

காகிதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிளாக்கில் பொறித்த என்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜினையே மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதும் ஆர்.சி.யில் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு 29, 30 எண் படிவங்கள் கொடுத்துப் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விலைக்கு ஒரு எளிய கணக்கு. என்ஜினைப் பிரிக்காத அதே மாடல், அதே வருஷ வண்டி மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினைப் பிரித்த வண்டி இரண்டே முக்கால் லட்சம். மறுபடி என்ஜின் வேலை வந்தால் எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். அது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டினால், கிடைத்தது தள்ளுபடி ஆகாது. விற்பவரின் கவலையை நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

மைத்துனர் இரண்டு மாதம் கழித்துக் கார் வாங்கினார். அதுவும் என்ஜினைப் பிரித்த வண்டிதான்! ஆனால் அதன் பில்லில் கேஸ்கெட்டோடு புது ரேடியேட்டரும், ஹெட் ஃபேஸிங் செய்த லேத்துக்காரர் ரசீதும் இருந்தன. காந்தி ரோட்டிலும் தேறியது.

வைகாசிக் கருட சேவை அன்று கூட்டத்துக்கு வழிவிட்டு அந்த வண்டி முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றது, என்ஜின் ஓடியபடியே. வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிய மைத்துனரின் மனைவி, "பெருமாளைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாளாம். "முள் பாதியிலேயே நிக்குது" என்றாராம் மைத்துனர்.