ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு: பயிற்சிப் பள்ளியை எப்படிப் பார்த்துச் சேர்வது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



தண்ணீர் மோட்டார், லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்து, டீ வருகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

லாரி டிரைவிங் ஸ்கூல் பற்றி அபார்ட்மென்டில் என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றும். இரண்டு மாதம் முன்னால் நம் வாட்ச்மேன் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, பையன் ஹெவி லைசென்ஸ் எடுக்கணும்கான். எந்த ஸ்கூல்ல சேக்கலாம்?" என்று கேட்டார். பையனுக்கு 21 வயது. கார் லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. பணம், அவன் அம்மா பீடி சுற்றிச் சேர்த்து வைத்தது. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்று நானே அவனோடு புறப்பட்டேன். அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலோ இப்படி ஒரு பையன் இருக்கலாம்.

முதலில் என் கதை ஒன்று. 1990-ல் நான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். பயிற்சி என்று நான் ஸ்டியரிங் பிடித்தது மொத்தம் நான்கு நாள். அதுவும் காலி வண்டி, சமதளம். அந்த ஸ்கூல்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போய், திரும்பும்போது ரப்பர் கட்டை ஏற்றி வந்தேன். கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்குகிற எஸ் வளைவு உங்களுக்கெல்லாம் தெரியும். டீசல் மிச்சமாகும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு நியூட்ரலில் இறக்கினேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கருகிய வாடை வந்தது. அது என்ன வாடை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்புறம் மிதித்தால் வண்டி நிற்கவில்லை. மலைப் பக்கம் ஒதுக்கி உரசி நிறுத்தினேன். என்னோடு வந்த கிளீனர் பையனுக்குக் கால் முறிந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் லாரியில் ஏறவில்லை.

லோடு வண்டி இறக்கத்தில் வரும்போது வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அந்த கியர் என்பது பழைய டிரைவர்கள் சொல்கிற கணக்கு. பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் போதும். எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு நம் பக்கத்தில் ஓடுகிற பத்துச் சக்கர லாரி சுமையோடு ஏறக்குறைய 28 டன். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு அதே புளியரை வழியாகத்தான் போகிறது. ஆலங்குளத்துப் பையன் லைசென்ஸ் எடுத்தால், முதல் வேலையே அந்த ரோட்டில்தான் இருக்கும்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் கிடைக்கும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே, "படிப்பு இல்லை, சர்டிபிகேட் நாங்க ஏற்பாடு பண்றோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டாக்டர் சான்று வேண்டும். பயிற்சி முடித்ததற்கு ஸ்கூல் தருகிற படிவம் 5 வேண்டும்.

அந்தப் படிவம் 5-க்குப் பின்னால்தான் விஷயம் இருக்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, போக்குவரத்து வாகனத்துக்குப் பயிற்சி குறைந்தது 30 நாள். அதில் மாணவன் தானே வண்டி ஓட்டுகிற நேரம் குறைந்தது 15 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஸ்டியரிங் அவன் கையில் இருந்தால், 30 நாளில் 15 மணி நேரம் வரும். ஒரு மணி நேர ட்ரிப்பில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனால் ஆளுக்குப் பத்து நிமிடம். 30 நாள் தவறாமல் போனாலும் ஐந்து மணி நேரம்தான். மீதிப் பத்து மணி நேரம் காகிதத்தில் மட்டும் ஓடியிருக்கும்.

நாங்கள் மூன்று இடம் போனோம். பெயர் சொல்வது முறையில்லை.

முதல் இடத்தில், "தம்பி டெஸ்ட் அன்னைக்கு வந்தா போதும்" என்றார்கள். கட்டணமும் குறைவு. வாட்ச்மேன் முகம் மலர்ந்துவிட்டது. நான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

இரண்டாம் இடத்தில் வண்டி இருந்தது, நல்ல வண்டி. காலையில் போய் நின்று பார்த்தேன். ஒரே ட்ரிப்பில் ஒன்பது பேர் ஏறினார்கள். பாதிப் பேர் பின்னால் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டு போய் வந்தார்கள்.

மூன்றாம் இடத்தில் கட்டணம் நாலாயிரம் ரூபாய் கூடுதல். ஆனால் ஒரு ட்ரிப்புக்கு மூன்று பேர்தான். ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு அரை மணி நேரம். அங்கே சேர்த்தோம்.

நீங்கள் போகும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சுவரில் பள்ளியின் உரிமம் மாட்டியிருக்க வேண்டும். அது படிவம் 11. எந்த வகை வண்டிக்கு அனுமதி, எந்தத் தேதி வரை என்று படியுங்கள். காருக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, ஹெவிக்கு ஆள் பிடித்து வேறு இடத்துக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

வண்டியில் ஏறிப் பாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும். விதியே அப்படித்தான். இல்லை என்றால் பையனை அனுப்பாதீர்கள்.

இன்ஸ்ட்ரக்டரிடம் பேசுங்கள். பத்தாம் வகுப்பும், ஐந்து வருட ஓட்டுநர் அனுபவமும், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றும் அவருக்கு இருக்க வேண்டும். நான் இன்னொன்றும் கேட்பேன்: "ஏர் பிரஷர் இறங்கினா என்ன பண்ணச் சொல்லுவீங்க?" காற்று பிரேக் வண்டியில் அழுத்த முள் இறங்கிவிட்டால் வண்டியை நகர்த்தவே கூடாது. இதை உடனே சொல்கிறவர்தான் சொல்லிக் கொடுப்பார்.

ரிவர்ஸ், ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, இரவு ஓட்டம், மலைப் பாதை இவையெல்லாம் உண்டா என்று கேளுங்கள். திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். சைக்கிளில் போகிற பிள்ளைகள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் கேட்டுக்குள் வருகிற தண்ணீர் லாரி டிரைவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

கடைசியாக, மிக முக்கியமானது: படிவம் 15. ஒவ்வொரு மாணவனும் எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினான் என்று எழுதுகிற பதிவேடு அது. பயிற்சியாளரும் மாணவனும் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நாளுக்கும் ஒரே நாளில் கையெழுத்து வாங்கினால், போடாதே என்று பையனிடம் சொல்லி அனுப்புங்கள். அவனும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.

வெளியூர் போய்ப் படிக்க முடிகிறவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் அசோக் லேலண்ட் கம்பெனி 1995-ல் பயிற்சி நிலையம் தொடங்கியது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று புதிய வகையும் வந்திருக்கிறது. கனரக வாகனத்துக்கு இரண்டு ஏக்கர் இடம், சிமுலேட்டர், ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பாடம் என்று அதற்கு விதி. அங்கே தேறினால் ஆர்டிஓ டெஸ்டிலிருந்து விலக்கு உண்டு. அந்த அங்கீகாரம் இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

வாட்ச்மேன் பையன் இன்னும் டெஸ்டுக்குப் போகவில்லை. நேற்றோடு 19 நாள். அவன் நோட்டில் ஒன்பதரை மணி நேரம் இருக்கிறது. போன வாரம், "மாமா, இறக்கத்துல செகண்ட் கியர்ல விட்டா வண்டி தானா புடிச்சு நிக்கி" என்று வந்து சொன்னான். எனக்கு அந்தக் கிளீனர் பையன் ஞாபகம் வந்தது. அவனுக்கு நான் செய்ய வேண்டியதை இப்போதுதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

யாராவது பிள்ளையைச் சேர்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன், கூட வருகிறேன்.

பேச்சுக்குப் பிறகு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சிறிய லோடு வண்டி ஓட்டலாமா?"

பதில்: ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஹெவிக்குப் போக நினைக்கிற பையன் ஒரு வருடம் சிறிய லோடு வண்டி ஓட்டிவிட்டுப் போனால் நல்லது. சுமை என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்திருக்கும்.