ஒப்பந்தத்தில் கூலிக்காரன் எங்கே?

(நாசரேத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நகரம் கிராமத்தை விழுங்குதுன்னு எல்லாரும் சொல்லுதோம். விழுங்குறதுக்கு முன்னால ஒரு பேச்சுவார்த்தை நடக்கு. அது யாரோட நடக்கு? பட்டா வச்சிருக்கிறவனோட. அந்த நிலத்தில் நாலு தலைமுறையா நாத்து நட்டவளை, வரப்பு வெட்டுனவனை யாரும் கூப்பிடுறதில்லை. ஒப்பந்தத்தில் அவன் பெயர் எழுத இடமே கிடையாது.

பக்கத்திலேயே பாருங்க. 2008 ஆகஸ்டில் தூத்துக்குடி மாநகராட்சியாச்சு. மீளவிட்டான், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, சங்கரப்பேரி எல்லாம் மாநகருக்குள்ள போச்சு. அத்திமரப்பட்டி வாழையும் நெல்லும் விளையுற பூமி, கோரம்பள்ளம் குளத்துப் பாசனம். இப்படி ஒரு ஊர் நகரமாகும்போது வயல்காரனுக்கு சென்ட் விலை ஏறும். வயலில் நிக்கிறவனுக்கு என்ன ஏறும்? வீட்டு வரி ஏறும். ஊராட்சிக்கு மட்டும்னு இருக்கிற கிராமப்புற வேலை உறுதியும் அவனுக்கு இல்லாமப் போகும்.

ஒப்பந்தம் எப்படி எழுதப்படுதுன்னு தெரியணும்னா ஆந்திராவுக்குப் போகணும். 2015இல் அமராவதி தலைநகருக்காக 'நிலத் தொகுப்பு' என்று 30,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகளிடம் வாங்கினார்கள். பறிமுதல் இல்லை, சம்மதம் என்றார்கள். பட்டாதாரன் ஒரு ஏக்கர் கொடுத்தால் வளர்த்தெடுத்த நகரத்தில் 1,000 சதுர கெஜம் வீட்டுமனை, அதுக்கு மேல கடைமனை, பத்து வருஷத்துக்கு ஆண்டுத்தொகை. சரி. ஆனால் அரசு ஏழைகளுக்கு ஒதுக்கிய நிலம் இருக்கே, தலித்துகள் கையில் அதிகம் இருந்தது அதுதான். அதுக்குக் குறைவான மனை! அதே மண், அதே கிருஷ்ணா நதிக்கரை, அதே ஒரு ஏக்கர். சாதிப் பெயரை எழுதாமலே சாதியை எழுதிவிட்டார்கள். அரசு சும்மா பிடுங்கிக்கொள்ளும் என்று பயம் காட்டி அந்த நிலங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள் என்று புகார் எழுந்து, 2021இல் வழக்கும் ஆனது. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு? அன்று மாதம் 2,500 ரூபாய். வேலை போச்சு, இந்தா காசு!

நம்ம ஊரில் இதுக்குப் பெயர் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல் கொடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறின கதை உங்களுக்குத் தெரியும். அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒரு நிலம் மனைப்பிரிவாகி, சாலை போட்டு, கட்டடம் எழும்பிய பிறகு அதில் எங்கே போய் நிபந்தனையைத் தேடுறது?

இன்னொண்ணு, யாரும் பேசாதது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது எதுக்காக? ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில் அந்த நாற்காலியில் தலித் உட்கார 2006 வரை பத்து வருஷம் விடலை. இணைப்பு நடந்தால் அந்த நாற்காலியே காலி. மாநகராட்சியிலும் தனி வார்டு உண்டு, மறுக்கலை. ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடுற தலைவரும், அறுபது கவுன்சிலரில் ஒருத்தரும் ஒண்ணா?

2024 கடைசியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்க அரசு முடிவெடுத்து அறிவிச்சது. பல ஊரில் ஜனங்க கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு போனாங்க. நல்லது. ஆனால் கூட்டத்தில் முன்னால நின்னு பேசுறவன் நிலக்காரனா, கூலிக்காரனா என்று பாருங்க. வரிக்காக எதிர்க்கிறவன் மனை விலை ஏறினதும் பேச்சை மாத்திருவான். அவனை நம்பி நாம பின்னால நிக்க முடியாது.

நாசரேத் பேரூராட்சி. சுத்தி இருக்கிறது ஊராட்சிகள். மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இருக்கு. தாலுகா ஆபீசில் உங்க ஊரு 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. எந்த சர்வே எண் பஞ்சமி, எது நத்தம், எது புறம்போக்கு, நம்ம குடியிருப்பு எதில் நிக்குது என்று குறிச்சு வைங்க. கட்டணம் பத்து ரூபாய். அடுத்த கிராம சபைக்கு முன்னால அந்த நகல் கையில இருக்கணும்.