கை முறிந்த பிறகு வந்த இரண்டு பட்டங்கள்

(நம் குடியிருப்பின் சிறுவர் டேபிள் டென்னிஸ் போட்டிப் பரிசளிப்பு விழாவில் பேசியது)

பிள்ளைகளுக்குப் பசி வந்துவிட்டது, தெரிகிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

வங்கியில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போட்டியில் ஆடியவர்கள் 32 பேர். கோப்பை ஒருவருக்கு. மீதி 31 பேரும் ஏதோ ஓர் ஆட்டத்தில் தோற்றவர்கள். நான் பேச வந்தது அந்த 31 பேரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ரிக்ரியேஷன் கிளப்பில் ஒரு பழைய பேட் கிடந்தது. அதில் ‘பார்னா’ என்று போட்டிருக்கும். கம்பெனி பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

விக்டர் பார்னா 1911-இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் பிரவுன். யூதர்கள் மீது வெறுப்பு வளர்ந்திருந்த காலம் அது. அதனால் பார்னா என்ற ஹங்கேரியப் பெயரை வைத்துக்கொண்டார். இரண்டு பெயருக்கும் அர்த்தம் ஒன்றுதான், பழுப்பு நிறம்.

1930 முதல் 1935 வரை ஐந்து முறை உலக ஒற்றையர் சாம்பியன். இடையில் 1931-இல் மட்டும் பட்டம் கை நழுவியது. அதுவும் சொந்த ஊரான புடாபெஸ்டில், இறுதி ஆட்டத்தில். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? அவருடைய இரட்டையர் ஜோடியான சபாடோஷ். அதே போட்டியில் இருவரும் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். இந்த ஜோடி ஆறு முறை உலகப் பட்டம் வாங்கியது. ஸ்கோர் தகராறில் ஏ பிளாக், பி பிளாக் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1935-இல் லண்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், அணி என நான்கிலும் பார்னாவுக்கே வெற்றி. சில மாதங்களில் பிரான்சில் ஒரு கார் விபத்து. பேட் பிடிக்கும் வலது கை முறிந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 23.

அதன் பிறகு ஒற்றையர் உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் ஆட்டத்தை அவர் விடவில்லை. 1938-இல் உலகக் கோப்பையை வென்ற ஹங்கேரி அணியில் இருந்தார். 1939-இல் கெய்ரோவில், வியன்னாவை விட்டு வந்த ரிச்சர்ட் பெர்க்மனுடன் சேர்ந்து இங்கிலாந்துக்காக இரட்டையர் பட்டம் வென்றார். பிறந்த நாட்டை விட்டு வந்த இரண்டு யூத இளைஞர்கள், மேசையின் ஒரே பக்கத்தில்.

மொத்தம் 22 உலகப் பட்டங்கள். விபத்துக்கு முன் 20, பின் 2. பெரிய தொகை முன்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த இரண்டின் மேல்தான் மரியாதை அதிகம். இரண்டுமே தனியாக வாங்கியவை அல்ல, கூட ஆடியவர்களோடு சேர்ந்து வாங்கியவை.

போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றினார். பிறகு டன்லப் கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போய் இந்த ஆட்டத்தைப் பரப்பினார். 1972-இல் அப்படிப் போன இடத்தில்தான், பெரு நாட்டின் லிமா நகரில், 60 வயதில் காலமானார். நம் நாட்டிலும் அவர் பெயர் இருக்கிறது. தேசியப் போட்டியில் ஆண்கள் அணிக்கான கோப்பைக்குப் பார்னா–பெல்லாக் கோப்பை என்றுதான் பெயர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தோற்ற பிள்ளையிடம் இன்று ராத்திரி “ஏன் விட்டாய்?” என்று கேட்காதீர்கள். “நாளைக்கு யாரோடு ஆடப் போகிறாய்?” என்று கேளுங்கள். போன வருடம் பரிசளிப்பு முடிந்ததும் மேசையை மடித்துச் சுவரில் சாய்த்தோம். மூன்று மாதம் அதன்மேல் அட்டைப்பெட்டிதான் இருந்தது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது.

நாளை மாலை ஆறு மணிக்கு நான் கீழே இருப்பேன். முதல் சுற்றில் தோற்றவர்கள் முதலில் வாருங்கள். எனக்கும் ஒரு ஜோடி வேண்டும்.