ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தீஸிஸ்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 34 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். என்னைப் போய் எல்.எல்.எம். தீஸிஸ் பற்றிப் பேசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர் ஒருவருடைய பெண் சர்வதேச நிதிச் சட்டத்தில் எல்.எல்.எம். செய்தாள். தன் தீஸிஸை அத்தியாயம் அத்தியாயமாக என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "தாத்தா, சட்டம் தெரியாத உங்களுக்கே புரிஞ்சுதுன்னா எக்ஸாமினருக்குப் புரியாதா?" என்பது அவள் கணக்கு.

அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்த தலைப்பு "சர்வதேச நிதிச் சட்டத்தின் இன்றைய சவால்கள்". கைடு அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற பெண். கையில் நாலு மாசம்தான் பாக்கி. அழாத குறை. ஆனால் கைடு செய்தது சரி என்றே எனக்குப் பட்டது. அந்தத் தலைப்பில் உலக வங்கி, ஐ.எம்.எஃப்., பேசல் விதிகள் எல்லாமே அடங்கும். கேள்வி என்று ஒன்றுகூடக் கிடையாது. லாபரட்டரியில் ஒரே ஒரு அளவை மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பார்ப்போம். தீஸிஸுக்கும் அதுதான் வழி.

பிறகு அவள் எடுத்துக்கொண்டது அர்ஜென்டினாவின் கடன் வழக்கு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2001 டிசம்பரில் அர்ஜென்டினாவில் பாங்கிலிருந்து சொந்தப் பணத்தையே எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. அதே மாசம் அரசாங்கம் 8,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் திருப்பித் தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. 2005-லும் 2010-லும், பழைய பத்திரங்களுக்குப் பதிலாக மதிப்புக் குறைந்த புதிய பத்திரங்களை வாங்கிக்கொள்ளச் சொன்னது. டாலருக்கு முப்பது சென்ட்கூடத் தேறாது. சுமார் 93 சதவீதக் கடனுக்கு உரியவர்கள் சம்மதித்தார்கள். மீதிப் பேரில் ஒருவர் என்.எம்.எல். கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம். அவர்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2012-ல் கானா நாட்டுத் துறைமுகத்தில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே பிடித்து வைக்க வைத்தார்கள். கடல் சட்ட சர்வதேச நீதிமன்றம் தலையிட்டு அதை விடுவித்தது.

ஆனால் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது கப்பல் இல்லை, 1994-ம் வருஷத்து ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாசகம். லத்தீனில் 'பாரி பாஸு', அதாவது சமநிலை. இந்தக் கடன் நாட்டின் மற்ற வெளிக்கடன்களுக்குக் குறையாத ஸ்தானத்தில் இருக்கும் என்று அது சொன்னது. ஸ்தானம் சமம் என்றால் காகிதத்தில் சமமா, அல்லது பணம் கொடுக்கும்போதும் சமமா? பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த வாசகத்தை ஒரு ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததற்கு அப்படியே காப்பி எடுத்து வந்தவர்கள்தான். ஆபீஸில் பழைய ஆர்டரைப் பார்த்து புது ஆர்டர் டிராஃப்ட் பண்ணியவர்களுக்கு இது புதிதல்ல.

நீதிபதி கிரீஸா 2012-ல் உத்தரவிட்டார்: சம்மதித்தவர்களுக்குப் பணம் தருவதானால், சம்மதிக்காதவர்களுக்கும் கூடவே முழுப் பாக்கியையும் தர வேண்டும். 2014 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்க மறுத்தது. அர்ஜென்டினா வட்டிக்காக 53.9 கோடி டாலரை நியூயார்க் பாங்கில் கட்டியது. உத்தரவு இருந்ததால் பாங்க் அதை உரியவர்களுக்கு அனுப்பவில்லை. பணம் கட்டிய பிறகும் ஒரு நாடு கடன் தவறியதாகிவிட்டது! 2016-ல் நான்கு பெரிய நிறுவனங்களுக்கு 465 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டுதான் மீண்டது.

இதைப் படித்ததும் நம் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு அத்தியாயம் முழுக்க 'கழுகு நிதிகள்' என்று திட்டித் தீர்த்திருந்தாள். பென்ஷனில் காலம் தள்ளுகிற எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களில் இத்தாலியின் சாதாரணச் சேமிப்பாளர்கள் லட்சக்கணக்கில் உண்டு. எழுதிக் கொடுத்ததை நம்பிப் பணம் போட்டவர்கள்தானே அவர்களும்? இதைச் சொன்னேன். முகம் சுண்டினாலும் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினாள். எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுத முடிந்தால்தான் நம் பதிலுக்கு மதிப்பு.

கடைசியில் அவள் வைத்துக்கொண்ட கேள்வி இதுதான். 2014 ஆகஸ்டில் சர்வதேச மூலதனச் சந்தைச் சங்கம், சம ஸ்தானம் என்றால் சமமாகப் பணம் தரும் கட்டாயம் இல்லை என்று தெளிவாக்கும் மாதிரி வாசகத்தை வெளியிட்டது. அதன் பிறகு வந்த அரசாங்கப் பத்திரங்கள் அதை ஏற்றனவா, இல்லையா? இதற்குப் புத்தகம் தேட வேண்டாம். பத்திரங்களின் பிராஸ்பெக்டஸே போதும். பல நாடுகளுடையவை அமெரிக்க எஸ்.இ.சி.யிலும் லக்ஸம்பர்க் பங்குச் சந்தையிலும் பார்க்கக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த ஒரு பாராவை எடுத்து அட்டவணையில் போட வேண்டியதுதான். சலிப்பான வேலை. ஆனால் வேறு ஒருவரும் செய்து தர முடியாது. தீஸிஸின் உயிரே அந்த அட்டவணைதான்.

இந்தியாவைப் பற்றி ஒரு அத்தியாயம் வேண்டாமா என்று அவள் அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். 2019 பட்ஜெட்டில் வெளிநாட்டு நாணயத்தில் பத்திரம் வெளியிடும் யோசனை வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அது நடக்கவில்லை. இல்லாத பத்திரத்துக்கு எதற்கு இருபது பக்கம்?

இன்னொன்று. கம்ப்யூட்டரிடம் கேட்டால் வழக்கின் பெயர், வருஷம் எல்லாம் தந்துவிடுகிறது. 2023-ல் இதே நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில், அது இட்டுக்கட்டிக் கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதனால் தீஸிஸின் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவள் படிக்க, நான் டிக் போட, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இந்த வருஷம் தீஸிஸ் எழுதுகிற குழந்தைகள் இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது பொடி எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.