ஒட்டினால்தான் நோய்

(பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய சுகாதார உரை)



மழை நாளிலே மலைக்குப் போகும்போது காலிலே சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகிறோம். எதுக்கு? அட்டைக்கு. அட்டை காலிலே ஏறினால் மட்டும் போதாது, வாயை வைத்துப் பிடிக்க வேண்டும். பிடி கிடைக்காவிட்டால் விழுந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நியூமோனியாவைக் கொண்டுவரும் கிருமியும் அப்படித்தான்.

அந்தக் கிருமிகளில் முக்கியமானது நியூமோகொக்கஸ். 1881ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்டேர்ன்பேர்க்கும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். ஓடி விளையாடுகிற சுகமான பிள்ளையின் மூக்கிலும் இது இருக்கும். அப்படியென்றால் எல்லாப் பிள்ளைக்கும் ஏன் நோய் வருவதில்லை?

லயத்துச் சுவர் கல்லுக் கல்லாகக் கட்டியது போல நம் உடம்பு சின்னச் சின்னக் கலங்களால் ஆனது. மூச்சுக்குழாயின் உள்பக்கத்துக் கலங்களில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் உண்டு. அவை விளக்குமாறு போல அசைந்து, சளியையும் அதில் சிக்கிய கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கிருமிக்குப் பிடி கிடைக்காது.

தடிமன் பிடித்தாலும், நாளெல்லாம் புகையைச் சுவாசித்தாலும் அந்த விளக்குமாறு ஓய்ந்துவிடும். சிகரெட் புகையும் வைரசும் பட்ட கலங்களில், கிருமி பிடித்துக்கொள்ளும் இடங்கள் கூடுவதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிடி கிடைத்த கிருமி பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது; கலங்களைத் துளைக்கும் நஞ்சையும் விடுகிறது.

கையிலே முள் ஏறினால் என்ன ஆகும்? சிவந்து, சுட்டு, வீங்கி, சீழ் வைக்கும். கிருமியோடு நம் உடம்பு போடும் சண்டை அது. இதைத்தான் அழற்சி என்கிறோம். அதே சண்டை நுரையீரலில் நடந்தால், காற்று நிறைய வேண்டிய சின்ன அறைகளில் நீரும் சீழும் நிறைகின்றன. காற்றுக்கு இடமில்லை. அதனால்தான் பிள்ளை வேக வேகமாக மூச்சு வாங்குகிறது.

ஆகவே தாய்மாரே, இருமலை மட்டும் பார்க்காதீர்கள், மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் 5 வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுபட்டால், பால் குடிக்காவிட்டால், சோர்ந்து கிடந்தால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

“இன்னிக்குப் பேர் போயிருமே, அந்திக் கொழுந்து நிறுத்துட்டுப் போவோம்” என்று நினைக்கிறோம். வறுமை அப்படி நினைக்க வைக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் போன பேரை நாளைக்குப் போடலாம். திருநீறு பூசுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பூசிக்கொண்டே புறப்படுங்கள்.

பிடி கிடைக்காமல் செய்யவும் வழி உண்டு. குளிருக்காகப் பிள்ளையை அடுப்போரம் படுக்க வைக்காதீர்கள். சமைக்கும்போது யன்னலைத் திறவுங்கள், புகைக்கூட்டில் அடைந்த கரியைத் தட்டுங்கள். தகப்பன்மாரே, காம்பராவுக்குள் பீடி, சுருட்டு வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்; அதிலுள்ள சில சர்க்கரைப் பொருட்கள் இந்தக் கிருமி கலத்தில் ஒட்டுவதைத் தடுப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. 2, 4, 6 மாத ஊசிகளைத் தவறவிடாதீர்கள். கக்குவானுக்கும், நியூமோனியா தரும் ஹிப் என்ற இன்னொரு கிருமிக்கும் அதிலே பாதுகாப்பு இருக்கிறது.

வைத்தியர் தரும் மருந்தை, காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

அட்டைக்குச் சவர்க்காரம் தேய்க்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளையின் மூச்சை எண்ணுவதும் அப்படியே நம் பழக்கமாகட்டும். இன்று இராத்திரியே, சுகமாகத் தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.